நீ பார்க்காத மீதி நாடகம்

செந்தில்,

நேற்று நீ போனில் போட்ட சத்தம் அடுப்படியில் இருந்த உன் அப்பாவுக்கே கேட்டுவிட்டது. நான் ஸ்பீக்கரில்கூடப் போடவில்லை, சும்மா காதில்தான் வைத்திருந்தேன். "யாரும்மா அந்தப் பய?" என்றுதானே ஆரம்பித்தாய்? "தேனு அவன் முதுகுல ஏறிக்கிட்டு ஊரச் சுத்துறா, நீங்க எல்லாரும் நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கீங்க! பொண்ணு வீட்டுல பாத்தா என்ன நெனப்பாங்க? பரீச்சை முடிஞ்சதும் டீசிய வாங்குங்க. பழனியில பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடத்துல சேத்துருவோம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாய். நான் வாயைத் திறந்தேன், சிக்னல் போய்விட்டது. போனது ஒரு வகையில் நல்லதுதான். போனில் நீ என்னை எங்கே பேசவிடுகிறாய்? கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது பார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு வெள்ளனே கூக்கால் பஸ்ஸில் கொடைக்கானலுக்குப் பூண்டு ஏற்றிப் போகிற உன் அப்பா இதைத் தபாலில் போட்டுவிடுவார். வழியில் பிரித்துப் படிக்காமல் இருந்தால் சரி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் கோபமே இல்லை. கோபப்பட நேரம் எங்கே இருக்கிறது? அந்த ஆண்டு விழா முடிந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கேரட் பிடுங்கும்போது தானாகச் சிரிக்கிறேன், பக்கத்துக் காட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். உனக்கு யாரோ வாட்ஸப்பில் அனுப்பியது ஒரு நிமிட வீடியோ. அதில் உன் தங்கை முருகன் வேஷத்தில் ஒரு பையன் முதுகில் இருக்கிறாள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று தெரியாமலேயே எட்டாவது படிக்கிற பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றச் சொல்கிறாய். வைகாசியில் உனக்குக் கல்யாணம். வீட்டுக்கு மூத்தவன், பொறுப்பாகப் பேசுகிறோம் என்று நினைத்திருப்பாய். பொறுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீதியையும் கேட்டுவிட்டுப் பொறுப்பைக் காட்டு.

இதெல்லாம் தொடங்கியது தை மாசம். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் ஆண்டு விழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடலாம் என்றார். நம் மலைக்குக் கீழேயே முருகன் இருக்கிறான், வேறு எந்தக் கதை எடுப்பது? வள்ளியாகத் தண்டபாணி மாமாவின் மகள் ஹரிணி, முருகனாக மாமாவின் தங்கை மகன் கோகுல். இரண்டு பேரும் தேனுவோடு ஒரே வகுப்பு. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னதுதான் தாமதம், மாமா எழுந்து நின்றுவிட்டார். "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. அவன் எந் தங்கச்சி மகன். எம் மகளுக்கு முறைப்பையன். மேடையில மாலை மாத்துனா ஊரு அதையே நெசமாக்கிரும். நாளைக்கு எம் மக காலேஜு போணும்னு சொன்னா, எந் தங்கச்சி வந்து வாசல்ல ஒக்காந்துருவா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உன் அத்தைமார் ஒவ்வொருத்தரும் உன்னை மாப்பிள்ளை கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்ததை நீயும் பார்த்தவன்தானே.

உடனே உன் அம்மாவுக்கு ஒரு மகா யோசனை வந்தது. எழுந்து நின்று, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, "ஏன் இவ்வளவு யோசிக்கணும்? ஹரிணிக்குப் பெரியப்பா மகன் விக்னேஷ் இருக்கான்ல. அண்ணன் தங்கச்சியா போட்டுட்டா ஒருத்தரும் ஒண்ணும் பேச முடியாதுல்ல?" என்றேன். கூட்டமே தலையாட்டியது. சில பேர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். எனக்கும் பெருமைதான். ஹரிணியின் அம்மா பூங்கொடி அத்தைதான் மெதுவாக என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "மதினி, அது கல்யாண நாடகம். அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா தாலி கட்ட வைக்கப் போறீங்க?" என்றாள். நான் உட்கார்ந்த வேகத்தில் பெஞ்சு ஆடியது. ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் யோசித்துப் பார், எப்பேர்ப்பட்ட சிக்கல் இது! நம் ஊரில் யாரை எடுத்தாலும் ஒன்று அண்ணன் தங்கை, இல்லையென்றால் முறைப்பையன் முறைப்பெண். அண்ணனைப் போட்டால் பாவம். முறைப்பையனைப் போட்டால் அது பரிசம் போட்ட மாதிரி. யாருக்கும் எந்த உறவும் இல்லாத பையன் ஒருத்தன் இருக்கிறான், தினேஷ். அவன் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவன் அம்மா சரோஜா நம் காட்டுக்கும் வேலைக்கு வருகிறவள்தான், உனக்குத் தெரியும். டீச்சர் அவன் பெயரைச் சொன்னதும் கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. உறவென்றாலும் ஆகாது, உறவில்லை என்றாலும் ஆகாது. வள்ளிக்கு மாப்பிள்ளையாக நிற்க உலகத்திலேயே ஒரு பையனும் மிஞ்சவில்லை.

சிரிப்பு அத்தோடு நின்றது. தண்டபாணி மாமா மறுபடி எழுந்தார். "நாடகத்த விடுங்க. ஆம்பளப் புள்ளைகளையும் பொம்பளப் புள்ளைகளையும் ஒரே வகுப்புல வச்சிருக்கதே தொந்தரவுதான். எட்டாவது முடிஞ்சதும் பொண்ணுகளைக் கீழ பழனியில சேத்துருவோம். ஹாஸ்டல் இருக்கு, அங்க பொம்பளப் புள்ளைக மட்டுந்தான். நமக்கும் நிம்மதி" என்றார். நேற்று நீ சொன்ன அதே வார்த்தை! ஒருத்தர் ஆமாம் என்றார், இன்னொருத்தர் ஆமாம் என்றார், கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் ஆமாம் போட்டுவிட்டது. பழனிக்கு யார் போவார்கள் என்று எனக்குத் தெரியும். ஹரிணி போவாள், நம் தேனு போவாள். மற்றப் பெண்பிள்ளைகள் எல்லாம் 'அடுத்த வருசம் பாப்போம்' என்று வீட்டில் உட்கார்ந்து பூண்டு ஆய்வார்கள். அடுத்த வருசம் அவர்களுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஒன்பதாவதும் பத்தாவதும் நம் ஊருக்கு வந்ததே அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான். நீ படிக்கிற காலத்தில் இங்கே எட்டாவதோடு சரி, உன்னைப் பழனி ஹாஸ்டலுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை. இப்போது வாசலில் பள்ளிக்கூடம் இருக்கும்போது, ஒரு நாடகத்தில் மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்பதற்காகப் பெண்பிள்ளைகளின் படிப்பை முடித்துவிடப் பார்த்தோம். நாங்கள் எல்லாரும் பெரியவர்கள், யோசித்துப் பேசுகிறவர்கள்!

அப்போதுதான் கதவு திறந்தது. அந்த வகுப்புக்குப் பையன்களில் ஒரு லீடர், பெண்களில் ஒரு லீடர். பையன்களுக்குத் தினேஷ், பெண்களுக்கு உன் தங்கை. எங்களுக்கு டீ கொண்டுவந்தவர்கள் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள் போல. தேனு டீத்தட்டை மேசையில் வைத்துவிட்டு, "டீச்சர், வள்ளி திருமணம் வேண்டாம். மாம்பழக் கதையப் போடுறோம். அதுல கல்யாணமே இல்ல" என்றாள். ஞானப்பழத்துக்காக முருகன் மயிலில் உலகத்தைச் சுற்றிவர, பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொள்கிற கதை. எல்லாருக்கும் உயிர் வந்தது. பின்னாலேயே தினேஷ் தலையைச் சொறிந்துகொண்டு, "சிவனும் பார்வதியுமா பக்கத்துல பக்கத்துல ஒக்காரணும்ல, அதுக்கு மட்டும் ஆள் இல்லைங்க. நாங்க ஒக்காந்தா மறுபடி இதே பேச்சு வரும். அதனால..." என்று இழுத்தான். தேனுதான் முடித்தாள். "தண்டபாணி மாமாவும் பூங்கொடி அத்தையும் ஒக்காரட்டும். அவங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சுல்ல!"

மாமாவின் மீசை துடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லை. அவர் போட்ட பூட்டை அவருக்கே பூட்டிவிட்டார்கள் இரண்டு பேரும்.

ஒத்திகைக்கு நான் தினமும் மத்தியானம் போனேன், வேஷத்துணி தைத்துக் கொடுக்க. உண்மையைச் சொல்வதென்றால் வேவு பார்க்கத்தான் போனேன். ஆணும் பெண்ணும் ஒரே அறையில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கணுமே! என்ன செய்தார்கள் தெரியுமா? சண்டை போட்டார்கள். கோகுல்தான் பிள்ளையார். அவன் வசனத்தில் ஒரு வரி நீளம் என்று ஹரிணி வெட்டிவிட்டாள். "நீ யாரு வெட்டுறதுக்கு?" என்று அவன் குதித்தான். "நீ அந்த வரி பேசும்போது பாதிப்பேரு தூங்கிருவாங்கலே, அதான்" என்றாள் இவள். அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்து, வெட்டினபடி பேசிப் பார்த்து, "இதான் நல்லாருக்கு" என்றான். ஊர் எந்த இரண்டு பேருக்கு முடிச்சுப் போட்டுவிடும் என்று பயந்தோமோ, அந்த இரண்டு பேரும் இவர்கள்தான்! அவள் அவனைக் 'கணக்கு மக்கு' என்கிறாள், அவன் அவளை 'ரேடியோ' என்கிறான். வெட்கமும் இல்லை, வீறாப்பும் இல்லை. தோற்றவன் தோற்றதை ஒத்துக்கொள்கிறான், ஜெயித்தவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கம் தினேஷ் சப்பணம் போட்டு உட்கார்ந்து முருகனின் இடுப்புத் துணிக்கு ஜிகினா தைத்துக்கொண்டிருந்தான். தேனு சுத்தியலை வைத்துக்கொண்டு மேடைப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று ஒருத்தருமே கவனிக்கவில்லை. நான் மட்டும்தான் வாயைப் பிளந்து கவனித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் எழுதுகிறேன். அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று முகத்தைத் திருப்பாதே, கல்யாணம் ஆகப் போகிறவன் நீ. ஒருநாள் ஒத்திகையில் ஒரு பிள்ளைக்கு மாதவிலக்கு வந்து பாவாடையில் கறை பட்டுவிட்டது. அவளுக்கே தெரியாது. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுவதற்குள், பின்னால் நின்ற பையன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி, "இதக் கட்டிக்க, டீச்சர்ட்ட போ" என்று அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் விட்ட வேலையைப் பார்த்தான். சிரிப்பு இல்லை, கிசுகிசு இல்லை. மார்கழிக் குளிர் இன்னும் விடாத நேரம், வெறும் சட்டையோடு சாயங்காலம் வரைக்கும் நடுங்கிக்கொண்டு இருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது செந்தில். இதை எந்தப் பாடப் புத்தகத்தில் போட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள்? கூட இருந்து, கூட வளர்ந்தால்தானே வரும்.

விழா அன்றைக்கு வருகிறேன். கடைசி பஸ்ஸை நினைத்து மத்தியானமே ஆரம்பித்துவிட்டார்கள். பட்டர் ஃப்ரூட்டுக்கு மஞ்சள் பூசி மாம்பழமாக வைத்திருந்தார்கள். பீன்ஸ் கொடிக்கு ஊன்றுகிற குச்சியில் வெள்ளித்தாள் சுற்றி வேல். சிவனும் பார்வதியும் வந்து உட்கார்ந்தார்கள் பார், அதுவே தனி நாடகம்! கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஊர் பார்க்கப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லையாம். பெஞ்சின் இந்தக் கோடியில் மாமா, அந்தக் கோடியில் அத்தை, நடுவில் இன்னொரு குடும்பமே உட்காரலாம். ஹரிணி திரைக்குப் பின்னாலிருந்து, "அப்பா, அம்மா பக்கம் தள்ளி ஒக்காருங்க! கைலாயத்துல எடம் காலியாக் கெடக்கு" என்றாள். மைக் ஆன் ஆகியிருந்தது. ஊரே சிரித்தது. மாமா ஒரு ஜான் நகர்ந்தார். அத்தைக்கு வெட்கம் தாங்காமல் பார்வதி கிரீடம் சரிந்துவிட்டது. அவர்தான் அதை எடுத்து நேராக வைத்தார். அந்தச் சின்ன வேலையைச் செய்துவிட்டு, ஊர் பார்த்துவிட்டதா என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டார்! பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்த விஷயம் அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

மூடுபனி இறங்கிவிட்டது. தேனு மேடையிலிருந்து இறங்கி மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், அதுதான் உலகம். மயிலாக வேஷம் போட்ட தினேஷ் அவளுக்கு முன்னால் ஓட வேண்டும். அப்படித்தான் ஒத்திகை. கல்படி ஈரமாக இருந்திருக்கிறது. முதல் படியிலேயே வழுக்கிவிட்டாள், கணுக்கால் மடங்கிவிட்டது. நான் ஓடப் போனேன், உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் குனிந்து, "பரவாயில்லம்மா, நீ நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்திரு" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நின்ன எடத்துலயே சுத்துனா அப்புறம் எனக்கும் பிள்ளையாருக்கும் என்ன டீச்சர் வித்தியாசம்?" என்கிறாள்! வலியிலும் வாய் குறையவில்லை, உன் அப்பா வீட்டு வாய். அப்போது தினேஷ் அவள் பக்கத்தில் வந்து, "தூக்கட்டா?" என்று கேட்டான். அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ம். வெரசா ஓடு, ஆட்டாத" என்றாள். அவன் முதுகைக் காட்டிக் குனிந்தான், இவள் ஏறிக்கொண்டாள். வேலை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

உன் வீடியோ அவன் அவளிடம் கேட்கிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது, கூட்டச் சத்தத்தில் கேட்டது என்னவென்று காதில் விழாது. தண்ணீர்த் தொட்டி பக்கம் போனவர்கள் பனிக்குள் மறைந்ததும் அது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எடுத்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை போல. எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை! ஒரு பையனும் பெண்ணும் பனிக்குள் போய்விட்டார்கள், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து தேனுவின் குரல் மட்டும் வருகிறது: "வடக்க இமயமலை வந்தாச்சு! ஏலே, குழி இருக்கு, பாத்து! கிழக்க கடலு வந்தாச்சு!" பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய், அந்தப் பக்கமாக வெளியே வந்தார்கள், மயிலுக்கு நாக்குத் தள்ளிவிட்டது, முருகனுக்குக் கிரீடத்தைக் காணோம். முதலில் கைதட்டியது யார் என்று நினைக்கிறாய்? சிவபெருமான்தான். தண்டபாணி மாமா, பெஞ்சிலிருந்து எழுந்து நின்று, தான் யார் வேஷத்தில் இருக்கிறோம் என்பதையே மறந்து தட்டினார்.

அதோடு முடிந்ததா? பழம் பிள்ளையாருக்குப் போய்விட்டது. முருகன் கோபித்துக்கொண்டு, 'இனி எனக்குப் பழனிதான் இடம்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். டீச்சர் எழுதிய வசனம் அது. தேனு நொண்டிக்கொண்டு நடுமேடைக்கு வந்தாள். வேலை ஊன்றினாள். "இனி எனக்கு" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். டீச்சர் வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார், இவள் வாங்கவில்லை. எதிரே இருந்த எங்கள் எல்லாரையும் பார்த்து, "முருகன் பழனிக்குப் போவாரு. அது அவருக்கு. தேன்மொழி போக மாட்டா. நான் இங்கயேதான் படிப்பேன். எங்க வகுப்புல யாரும் போகல" என்றாள். மேடைக்குப் பின்னாலிருந்து பெண்பிள்ளைகள் கத்தினார்கள், பையன்கள் அவர்களைவிடப் பெரிதாகக் கத்தினார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால், சாமி வேஷத்தில் நின்று, இப்படி ஒரு பேச்சு! எல்லாரும் சிவனைப் பார்த்தார்கள். மாமா என்ன செய்வார் பாவம். பக்கத்தில் பூங்கொடி அத்தை, பார்வதியாகவே, அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. இருந்துக்கங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த கூட்டத்தில் டீசி பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சரோஜா நம் வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. "அக்கா, எங்க பயமேல கோவமாக்கா? அவன் கேட்டுட்டுத்தான் தூக்குனான்க்கா. சரின்னு சொன்ன பொறவுதான் தூக்குனான். வேற ஒண்ணும் நெனச்சிறாதீங்க" என்றாள். உள்ளே கூட்டிவந்து டீத்தண்ணி கொடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வளத்த வளப்புக்கு உன்னையத்தான் நான் கும்பிடணும்" என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். தேனு நடுவீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பேரும் எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டாள். 'யார் அந்தப் பய' என்று நீ கேட்டாயே, இதுதான் பதில். சரோஜாவின் மகன். கேட்டுவிட்டுத் தூக்கியவன்.

பெண்கள் பள்ளிக்கூடம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது இருந்ததால்தான் எத்தனையோ வீட்டில் பெண் படித்தாள். உனக்குப் பார்த்திருக்கிற அபிராமியும் ஒட்டன்சத்திரத்தில் அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் படித்துத்தானே பேங்க் வேலைக்கு வந்தாள். நீ படித்த பழனிப் பள்ளிக்கூடத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன், கணக்கும் ஒழுக்கமும் அங்கே கற்றாய். ஆனால் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உன் மேனேஜர் அம்மாவை 'சார்' என்று கூப்பிட்டுவிட்டு, அதைச் சரிசெய்யத் தெரியாமல் ஒரு மாசம் அவர் கண்ணில் படாமலேயே நடந்தாயே, அது எதனால்? நீயே சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன், அப்புறம் தனியாக இருக்கும்போது வருத்தமாக இருந்தது. நிச்சயம் முடிந்து இத்தனை நாளாகிறது, அபிராமிக்குப் போன் போட்டு 'சாப்டியா' என்று கேட்கிறாய், அவள் 'ம்' என்கிறாள், வைத்துவிடுகிறாய். 'அவகிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலம்மா' என்று என்னிடம் புலம்புகிறாய். உன் தங்கையிடம் கேள்! பையன்களோடு எப்படிச் சண்டை போடுவது, எப்படித் தோற்பது, எப்படி உதவி கேட்பது, எப்படி வேண்டாம் என்று சொல்வது எல்லாம் அவளுக்கு இந்த வயதிலேயே தெரிகிறது. பாதுகாப்பு பாதுகாப்பு என்கிறாய். ஆண்பிள்ளை என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்வதா பாதுகாப்பு? எவன் நல்லவன், எவன் வாய்ச்சொல் வீரன் என்று பெஞ்சில் பக்கத்தில் இருந்தே பார்த்துப் பழகிவிட்டவளை அவ்வளவு சீக்கிரம் யார் ஏமாற்றிவிட முடியும்?

நீ தங்கைமேல் உயிராக இருப்பது எனக்குத் தெரியாதா? அவள் பிறந்தபோது ஹாஸ்டலிலிருந்து லீவு எழுதிக் கொடுக்காமல் பஸ் ஏறி வந்தவன் நீ. அந்த அக்கறை போகவே வேண்டாம். ஆனால் அவள் படிப்பைப் பற்றி நீ என்னிடம் கத்தினாய், அப்பாவிடம் சொல்லச் சொன்னாய், ஹெட்மாஸ்டர் நம்பரும் கேட்டாய். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரையே எதிர்த்து மேடையில் நின்ற பிள்ளை, அண்ணன் வேண்டாம் என்றுவிட்டானே என்று சுருண்டு கிடக்கிறாள். தண்டபாணி மாமா சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. நீ சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

பொண்ணு வீட்டில் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாய் அல்லவா? பார்த்துவிட்டார்கள். இன்று காலை அபிராமி எனக்குப் போன் செய்தாள். நிச்சயத்துக்குப் பிறகு அவளாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. எனக்குத் திக்கென்றது, நீ பயந்தது நடந்துவிட்டதோ என்று. "அத்தை, அந்த வீடியோவுல, தூக்குறதுக்கு முன்னாடி அந்தப் பையன் தேனுகிட்ட என்னமோ கேக்குறானே, என்ன கேட்டான்?" என்றாள். நீ யார் அந்தப் பையன் என்று கேட்டாய். அவள் அவன் என்ன கேட்டான் என்று கேட்கிறாள். 'தூக்கட்டா'ன்னு கேட்டான்மா என்று சொன்னேன். அப்புறம் மெதுவாக, "உங்க மகனும் அப்படிக் கேப்பாங்களா அத்தை?" என்றாள்.

கேட்பான்மா என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா.